மலையிரவின் மூச்சும் வலிப்பும்

கொடைக்கானல் உடல்நலத்தை முன்னிட்டே உருவான ஊர். சமவெளியின் வெக்கைக்கும் காய்ச்சலுக்கும் தப்ப வழி தேடிய மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் 1845இல் பழனி மலைத்தொடரின் மேல்பகுதியில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். 'காற்று மாறினால் உடம்பு தேறும்' என்ற நம்பிக்கையோடு அன்றிலிருந்து இன்றுவரை மக்கள் மலையேறி வருகிறார்கள். அந்த நம்பிக்கையில் பெரும்பகுதி உண்மை. மலைக்காற்றில் புகையும் தூசியும் குறைவு. ஆனால் அந்தக் காற்று அடர்த்தியும் குறைந்தது. வானத்தை ஆராய்பவர்களுக்கு அது வசதி. 1899இல் சூரிய ஆய்வகம் இங்கே அமைக்கப்பட்டதற்கு இந்த உயரமும் தெளிவான வானமும் காரணங்கள். உறங்கும் மனித உடலுக்கோ அது ஒரு சோதனை.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கொடைக்கானல். சென்னைக் கடற்கரையில் 760 மில்லிமீட்டர் பாதரசமாக இருக்கும் காற்றழுத்தம் இங்கே 590ஐ ஒட்டிக் குறைந்துவிடுகிறது. காற்றில் ஆக்சிஜனின் விகிதம் எங்கும் போல 21 சதவீதம்தான். அழுத்தம் குறைவதால், ஒரே அளவு மூச்சை இழுத்தாலும் நுரையீரலுக்குள் போகும் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகக் குறைகிறது. ஆரோக்கியமானவர் இதைப் பகலில் உணர்வதில்லை. மேட்டில் ஏறும்போது சிறிது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இரவில், விழிப்பின் காவல் இல்லாதபோது, உடல் வேறு விதமாக நடந்துகொள்கிறது.

அந்த வேறுபாடு எல்லோரையும்விட அதிகமாகப் பாதிக்கக்கூடிய ஒரு கூட்டம் உண்டு: வலிப்பு நோய் உள்ளவர்கள். இந்தியாவில் அவர்கள் ஒரு கோடிக்கும் மேல் என்று கணிக்கப்படுகிறது. மருத்துவமனைக்குப் போனால் அவர்களிடம் கேட்கப்படும் கேள்விகள் பழகியவை. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா? கடைசியாக எப்போது ஃபிட்ஸ் வந்தது? எத்தனை நிமிடம்? தூக்கத்தில் மூச்சு எப்படி இருக்கிறது என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காமல் வலிப்பு நோய்க்கான சிகிச்சை முழுமை பெறாது என்பதைக் கடந்த கால் நூற்றாண்டின் ஆய்வுகள் காட்டுகின்றன. மலையில் அந்தக் கேள்விக்கு அவசரம் இன்னும் கூடுதல்.

தூக்கத்தோடு வலிப்புக்கு உள்ள உறவு

வலிப்பும் தூக்கமும் தொடர்புடையவை என்பது புதிய செய்தி அல்ல. இங்கிலாந்தின் நரம்பியல் மருத்துவர் வில்லியம் கவர்ஸ் 1880களிலேயே தம் நோயாளிகளின் வலிப்பு நேரங்களைத் தொகுத்துப் பார்த்து, ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது இரவில் மட்டுமே வருகிறது என்று பதிவு செய்தார். மூளை மின்னலைப் பதிவான இ.இ.ஜி. வந்த பிறகு காரணமும் விளங்கத் தொடங்கியது. ஆழ்ந்த தூக்கத்திலும் அதற்கு முந்தைய மெல்லிய தூக்கத்திலும் மூளையின் நரம்பணுக்கள் பெருங்கூட்டமாக ஒரே தாளத்தில் இயங்குகின்றன. வலிப்பு பரவுவதற்கு அந்த ஒருமித்த தாளம் வசதியாகிவிடுகிறது. கனவு காணும் தூக்கத்தில் அந்த ஒத்திசைவு கலைகிறது. அப்போது வலிப்பு வருவது அரிது.

ஆகவே ஒருவரின் தூக்கம் எவ்வளவு நேரம் என்பதோடு, அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதும் வலிப்பைத் தீர்மானிக்கிறது. கனவுத் தூக்கம் குறைந்து, மெல்லிய தூக்கமும் திடுக்கிட்ட விழிப்புகளும் பெருகினால் வலிப்புக்கான வாய்ப்பும் பெருகும். தூக்கத்தை இப்படித் துண்டு துண்டாக்கும் முதன்மையான காரணங்களில் ஒன்று மூச்சுத்தடை.

குறட்டைக்கு உள்ளே நடப்பது

நம் வீடுகளில் குறட்டை நல்ல தூக்கத்தின் அடையாளமாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. 'பாவம், நல்ல அசதி' என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் போகிறோம். உண்மையில் தொண்டைத் தசைகள் தூக்கத்தில் தளர்ந்து மூச்சுப்பாதை குறுகும்போது எழும் ஒலிதான் குறட்டை. பாதை முழுவதும் அடைத்துக்கொண்டால் ஒலி சட்டென்று நின்றுவிடும். மார்பும் வயிறும் மூச்சுக்காகப் போராடும். காற்று உள்ளே போகாது. பத்து விநாடி, இருபது விநாடி, சிலருக்கு ஒரு நிமிடம்கூட இப்படிக் கழியும். ரத்தத்தில் ஆக்சிஜன் சரிந்ததும் மூளை அரைகுறையாக விழித்துத் தொண்டையைத் திறக்கும். ஒரு பெரிய திணறலோடு மூச்சு திரும்பும். தூங்குபவருக்குக் காலையில் இது எதுவும் நினைவிருக்காது. தலைவலி, வாய் வறட்சி, பகலெல்லாம் சோர்வு ஆகியவையே எஞ்சும்.

ஒரு மணி நேரத்தில் ஐந்து முறைக்கு மேல் இப்படி நிகழ்ந்தால் அதை நோயாகக் கணக்கிடுகிறார்கள். முப்பதைத் தாண்டினால் தீவிர நோய். இது பருமனான மேலைநாட்டவரின் நோய் என்ற எண்ணம் தவறு. மும்பையில் நடுவயது ஆண்களிடம் நடத்தி 2004இல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத் தூக்கத்தில் மூச்சுக் கோளாறு இருந்தது. இந்திய ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியான கணக்கு, நாட்டில் சுமார் பத்துக் கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்கிறது. உடல் ஒல்லியாக இருந்தாலும் தாடை சிறுத்தவர்கள், கழுத்து குறுகியவர்கள், பெரிய டான்சில் உள்ள குழந்தைகள் ஆகியோருக்கும் இது வரும்.

இன்னொரு வகையில் தொண்டை திறந்தே இருக்கும். மூச்சு விடு என்ற ஆணை மூளையின் அடித்தண்டிலிருந்து சிறிது நேரம் வராமல் போகும். மார்பும் அசையாது. மைய வகை மூச்சுநிறுத்தம் என்று இதைச் சொல்லலாம். மலையில் பெருகுவது இந்த வகை.

மூச்சுத்தடை வலிப்பை வளர்க்கிறது

அமெரிக்க நரம்பியல் மருத்துவர் பெத் மாலோவும் அவருடைய குழுவினரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு திருப்பம். மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு உள்ள 39 பேரை இரவு முழுவதும் கருவிகளோடு உறங்க வைத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒருவருக்குத் தூக்கத்தில் மூச்சுத்தடை இருந்தது. பின்னர் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2017இல் வெளியான தொகுப்பாய்வும் ஏறத்தாழ அதே விகிதத்தையே காட்டியது. மூன்று வலிப்பு நோயாளிகளில் ஒருவர் என்றால், இதை அபூர்வமான துணைநோய் என்று ஒதுக்க முடியாது.

உடனிருப்பது ஒன்று, காரணமாக இருப்பது வேறு. அதைப் பிரித்தறியச் சிகிச்சை கொடுத்துப் பார்க்க வேண்டும். சிட்னியில் காலின் சல்லிவன் 1981இல் அறிமுகப்படுத்திய சிபாப் கருவி, மூக்கின் வழியே மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டை அடையாமல் காக்கிறது. மாலோவின் குழு 2008இல் வெளியிட்ட சிறிய சோதனையில், வலிப்போடு மூச்சுத்தடையும் உள்ள 35 பேரில் ஒரு பகுதியினருக்கு உண்மையான அழுத்தமும் மற்றவர்களுக்குப் பெயரளவு அழுத்தமும் கொடுத்தார்கள். வலிப்பு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தவர்கள் முதல் குழுவில் 28 சதவீதம், இரண்டாவது குழுவில் 15 சதவீதம். முடிந்த முடிவாகச் சொல்ல இந்த எண்ணிக்கை போதாது. ஆனால் 2017ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வும் அதே திசையைக் காட்டியது: சிபாப் பயன்படுத்தியவர்களிடம் வலிப்பு பாதியாகக் குறையும் சாத்தியம், பயன்படுத்தாதவர்களைவிட ஐந்து மடங்கு அதிகம்.

குழந்தைகளின் விஷயம் இன்னும் நெகிழ வைப்பது. வலிப்போடு மூச்சுத்தடையும் இருந்த 27 குழந்தைகளுக்கு டான்சிலும் அடினாய்டும் அகற்றியபின் நிலையை ஆராய்ந்த ஓர் அமெரிக்கக் கட்டுரை 2012இல் வந்தது. மூன்று மாதம் கழித்து அவர்களில் பத்துப் பேருக்கு வலிப்பே இல்லை. வாயைத் திறந்தபடி தூங்கும், இரவில் மூச்சுக்குத் திணறும் ஒரு குழந்தைக்கு மூன்றாவது வலிப்பு மருந்தை எழுதுவதற்கு முன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

வலிப்பே மூச்சை நிறுத்தும்போது

உறவு ஒருவழிப் பாதை அன்று. வலிப்பும் மூச்சைத் தாக்குகிறது. கண்காணிப்பு அறைகளில் பதிவான 300க்கும் மேற்பட்ட வலிப்புகளை ஆராய்ந்து 2008இல் வெளியான கட்டுரை, மூன்றில் ஒரு வலிப்பின்போது ரத்த ஆக்சிஜன் 90 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதைக் கண்டது. உடல் முழுவதும் வெட்டி இழுக்காத, சற்று நேரம் நினைவு மங்கும் வலிப்பிலும் இது நடந்தது.

ஏன் என்பதற்கு அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 2015இல் விடை கிடைத்தது. அறுவை சிகிச்சைக்காக மூளைக்குள் மின்முனைகள் வைக்கப்பட்டிருந்தவர்களிடம், அச்சமும் உணர்ச்சியும் தோன்றுமிடமான அமிக்டலாவை வலிப்பு எட்டியதும் மூச்சு நின்றது. அதே இடத்தை மின்சாரத்தால் தூண்டியபோதும் நின்றது. வியப்பு என்னவென்றால், மூச்சு நின்றதே அவர்களுக்குத் தெரியவில்லை. 'மூச்சை இழுங்கள்' என்று சொன்னால் இழுத்தார்கள். தானாக மூச்சு விட வேண்டும் என்ற உந்துதல் மட்டும் அணைந்திருந்தது. மூச்சு முட்டுகிறது என்ற திணறல்கூட இல்லாமல் மூச்சு நிற்க முடியும் என்பது, தனியே உறங்கும் வலிப்பு நோயாளியைப் பற்றி நம்மைக் கவலைப்பட வைக்க வேண்டிய உண்மை.

இந்தக் கவலையின் உச்சம் சுடெப் எனப்படும் திடீர் மரணம். வலிப்பு நோயாளி ஒருவர், வேறு எந்தக் காரணமும் புலப்படாமல், பெரும்பாலும் இரவில், பெரும்பாலும் குப்புறக் கிடந்த நிலையில், காலையில் இறந்து காணப்படுவார். ஆண்டுக்கு ஆயிரம் பெரியவர்களில் ஒருவருக்கு இது நேர்கிறது என்பது 2017இல் அமெரிக்க நரம்பியல் கழகங்கள் தந்த கணக்கு. வெட்டி இழுக்கும் வலிப்பு கட்டுப்படாதவர்களுக்கு ஆபத்து பலமடங்கு கூடுகிறது. பிரான்சைச் சேர்ந்த ஃபிலிப் ரீவ்லின் தலைமையில் பல நாட்டுக் கண்காணிப்பு மையங்களில் நேர்ந்த இத்தகைய மரணங்களின் பதிவுகள் திரட்டப்பட்டு 2013இல் வெளியாயின. அவற்றில் தெரிந்த வரிசை ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தது. வலிப்பு ஓய்ந்தது, சில நொடிகள் வேகமாக மூச்சு வாங்கியது, மூன்று நிமிடத்துக்குள் மூச்சும் இதயமும் தடுமாறின, முதலில் மூச்சு முற்றாக நின்றது, இதயம் அதற்குப் பின்புதான் நின்றது. பதினொரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்திருந்தது.

இந்த வரிசையை மனத்தில் வைத்து, நம் வீடுகளில் ஒருவருக்கு இரவில் வலிப்பு வரும்போது நடப்பதைப் பார்ப்போம். ஒரு வீரிடல். உடல் விறைக்கிறது, வெட்டி வெட்டி இழுக்கிறது. வீடே எழுந்து ஓடி வருகிறது. ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார். இன்னொருவர் பல்லுக்கிடையில் கரண்டியைக் கொடுக்கப் பார்க்கிறார். ஓரிரு நிமிடத்தில் இழுப்பு நிற்கிறது. கொரகொரவென்று கனத்த மூச்சு வருகிறது. 'அடங்கிடுச்சு, தூங்கட்டும்' என்று விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் படுக்கப் போகிறார்கள். ஆபத்தான நிமிடங்கள் அப்போதுதான் தொடங்குகின்றன. இரும்பால் எந்தப் பயனும் இல்லை. வாயில் எதையும் வைக்கக் கூடாது. இழுப்பு நின்றதும் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முகத்தின் மேல் துணியோ தலையணையோ இல்லாமல் பார்த்து, அவர் பேசும் நிலைக்கு வரும்வரை அருகிலேயே இருக்க வேண்டும். தொட்டு அசைத்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருப்பதே மூச்சை மீட்க உதவக்கூடும். இழுப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலும், நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலும் 108ஐ அழைக்க வேண்டும்.

அருகில் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய காப்பு என்பதை 2020இல் வெளியான சுவீடன் ஆய்வு கணக்கிட்டது. வெட்டி இழுக்கும் வலிப்பும் இருந்து, படுக்கையறையில் துணைக்கு ஒருவரும் இல்லாதவர்களுக்குச் சுடெப் ஆபத்து 67 மடங்கு அதிகம். ஒரே அறையில் பலர் படுத்துறங்கும் நம் வழக்கம் வறுமையின் அடையாளம் என்று பலர் எண்ணக்கூடும். வலிப்பு நோயாளிக்கு அது உயிர்க்காப்பு.

ஏழாயிரம் அடி உயரத்தில்

இப்போது இந்த இரண்டு நோய்களையும் மலையேற்றிப் பார்க்க வேண்டும். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் உடல் ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு விடுகிறது. அதனால் ரத்தத்திலிருந்து கரியமிலவாயு மிகுதியாக வெளியேறிவிடுகிறது. தூக்கத்தில் மூச்சைத் தூண்டும் முதன்மையான சமிக்ஞை இந்தக் கரியமிலவாயுதான். அது ஓர் அளவுக்குக் கீழே போனதும் மூளை மூச்சை நிறுத்திவிடுகிறது. நிறுத்தியதும் கரியமிலவாயு சேர்கிறது, ஆக்சிஜன் சரிகிறது, உடனே மூச்சு மிகையாகப் பாய்கிறது, மறுபடி கரியமிலவாயு தாழ்கிறது, மறுபடி நிற்கிறது. கொண்டை ஊசி வளைவில் புதிதாக வண்டி ஓட்டுபவர், திருப்ப வேண்டிய இடத்தில் தாமதமாகத் திருப்பி, பிறகு தேவைக்கு மேல் ஒடித்து, மீண்டும் எதிர்ப்பக்கம் ஒடிப்பதைப் போன்றது இது. நுரையீரலில் நடந்த மாற்றம் ரத்தத்தின் வழியே மூளைக்குத் தெரியவரச் சில விநாடிகள் ஆகின்றன. அந்தத் தாமதமே தள்ளாட்டத்தை உண்டாக்குகிறது.

கொடைக்கானல் அவ்வளவு உயரமா என்று கேட்கலாம். இமயத்தோடு ஒப்பிட்டால் இல்லை. ஆனால் சூரிச் மருத்துவர்கள் நம் மலையின் உயரத்தை இருபுறமும் அணைக்கும் இடங்களில் அளந்திருக்கிறார்கள். ஆரோக்கியமான 51 ஆண்களைச் சூரிச்சிலும் பின்னர் ஆல்ப்ஸ் மலையில் 1,630 மீட்டரிலும் 2,590 மீட்டரிலும் உறங்க வைத்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், மணிக்கு ஐந்துக்கும் குறைவாக இருந்த மூச்சுக் குறுக்கீடுகள் 2,590 மீட்டரில் முதல் இரவில் பதின்மூன்றை எட்டின. இரவு ஆக்சிஜன் 96 சதவீதத்திலிருந்து 90ஐ ஒட்டி இறங்கியது. இரண்டாம் இரவில் நிலைமை ஓரளவு தேறியது.

ஏற்கெனவே தூக்க மூச்சுத்தடை உள்ளவர்களின் கதை வேறு. சிபாப் இல்லாமல் அவர்களை மலையேற்றிய 2010ஆம் ஆண்டு ஆய்வில், சூரிச்சில் மணிக்கு 47 ஆக இருந்த குறுக்கீடுகள் 1,860 மீட்டரிலேயே 85ஐத் தொட்டன. தொண்டை அடைப்பால் நிற்கும் மூச்சோடு மூளையின் ஆணை இன்றி நிற்கும் மூச்சும் சேர்ந்துகொண்டது. கொடைக்கானல் அந்த 1,860 மீட்டரைவிடவும் உயரம்.

இதன் பொருளை நோயாளியின் உடலில் வைத்துப் பார்க்கலாம். ரத்த ஆக்சிஜன் 97இல் தொடங்கினால், மூச்சு சிறிது நேரம் நின்றாலும் தாங்கும் சேமிப்பு உண்டு. மலையில் தூங்குபவர் தொடங்கும் அளவே தாழ்ந்தது. அதற்குக் கீழே சரிவு செங்குத்தாகிவிடுகிறது. சென்னையில் ஒரு வலிப்பு 88க்கு இறக்கும் ஆக்சிஜனைக் கொடைக்கானலில் அதே வலிப்பு அதற்கும் கீழே இறக்கும். தூக்கம் துண்டாடப்படுவதும் கூடுகிறது. இத்துடன் கரியமிலவாயு தாழ்வதும் சேர்கிறது. இ.இ.ஜி. எடுக்கும்போது 'வேகமா மூச்சு விடுங்க' என்று மூன்று நிமிடம் சொல்வார்களே, அது கரியமிலவாயுவைத் தாழ்த்தி, குறிப்பாகக் குழந்தைகளின் சில வகை வலிப்பைத் தூண்டிப் பார்ப்பதற்காகத்தான்.

மலைக்கும் வலிப்புக்கும் இடையே மருந்துக் கடையிலும் ஒரு பாலம் இருக்கிறது. அசிட்டசோலமைட் என்ற மாத்திரையை உயர்மலைக்குப் போவோர் மலைநோய் வராமல் தடுக்க உட்கொள்கிறார்கள். அதே மாத்திரை 1950களின் தொடக்கத்திலிருந்து வலிப்புக்கும் கொடுக்கப்பட்டு வருகிறது. ரத்தத்தின் அமிலத்தன்மையைச் சற்றுக் கூட்டி மூச்சைத் தூண்டுவது அதன் வேலை. மூச்சுத்தடை உள்ளவர்கள் மலையேறும்போது சிபாப்போடு இதையும் சேர்த்துக் கொடுத்தால் இரவு மூச்சு மேலும் சீராகிறது என்பதை 2012இல் வெளியான சுவிஸ் சோதனை காட்டியது. ஆனால் டோப்பிரமேட், சோனிசமைட் போன்ற வலிப்பு மருந்துகளும் ஓரளவு இதே வழியில் இயங்குபவை. இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகக் கல்லும் ரத்தத்தில் அமில மிகுதியும் வரலாம். மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாத மருந்து அது.

மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களின் உடல் இந்த உயரத்துக்குப் பழகிவிடுகிறது. பூம்பாறையிலும் மன்னவனூரிலும் பூண்டு வயலில் நாளெல்லாம் குனிந்து உழைப்பவர்களை உயரம் அசைப்பதில்லை. ஆனால் தொண்டை அடைப்புக்கு உயரம் பழக்கமாவதில்லை, வலிப்புக்கும் ஆகாது. அவர்களுக்கு வேறு ஆபத்துகளும் உண்டு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி இறங்கும் இரவுகளில் கம்பளியைத் தலையோடு இழுத்துப் போர்த்திக் குப்புறப் படுப்பது மேல்மலையில் சாதாரணம். சன்னலைச் சாத்தி அறைக்குள் கரிக்கணப்பு வைப்பதும் உண்டு. வலிப்பு ஓய்ந்து மூச்சு தடுமாறும் ஒருவரின் முகத்தின் மேல் கனத்த கம்பளி கிடந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கரிக்கணப்பின் கார்பன் மோனாக்சைடு ஆரோக்கியமானவரையே கொல்லும்.

வெளியூரிலிருந்து வருபவர்களின் ஆபத்து ஒரே இரவில் திரண்டுவிடுகிறது. சென்னையில் மாலை பேருந்து ஏறுபவர் இரவெல்லாம் அரைத்தூக்கத்தில் வருகிறார். பையின் அடியில் கிடக்கும் இரவு மாத்திரை தவறிப்போகிறது. வத்தலக்குண்டிலிருந்து சில மணி நேரத்தில் ஏறத்தாழ 1,800 மீட்டர் மேலேறி விடிகாலையில் இறங்குகிறார். பகலெல்லாம் சுற்றல், இரவில் நண்பர்களோடு மது. பிறகு விடுதி அறையில் தனியே தூக்கம். தூக்கக் கேடு, தவறிய மருந்து, மது, உயரம் ஆகிய நான்கும் வலிப்பைத் தூண்டுபவை அல்லது மூச்சைத் தாழ்த்துபவை. இவற்றில் முதல் மூன்றும் முழுக்க முழுக்க நம் கையில் இருப்பவை.

மருந்தின் நிழல்

சிகிச்சையும் சில வேளை மூச்சுக்கு எதிராகத் திரும்புகிறது. கர்நாடகத்தின் எளந்தூர் கிராமங்களில் டாக்டர் கே.எஸ். மணியும் அவருடைய குழுவினரும் நடத்திய நெடுநாள் பணி, ஃபீனோபார்பிட்டால், ஃபெனிட்டாயின் போன்ற மலிவான மாத்திரைகளாலேயே கிராமப்புறத்தில் பெரும்பாலோரின் வலிப்பைக் கட்டுப்படுத்த முடியும் என்று நிறுவியது. அதன் முடிவுகள் 2001இல் லான்செட் இதழில் வந்தன. அந்த மாத்திரைகளை நம்பித்தான் ஏழைகளின் சிகிச்சை நடக்கிறது, நடக்கவும் வேண்டும். அதே சமயம் ஃபீனோபார்பிட்டாலும் குளோபசாம், குளோனசிபாம் வகை மாத்திரைகளும் தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தலாம். வால்ப்ரோயேட் பலருக்கு எடையைக் கூட்டுகிறது. கழுத்தில் சேரும் கொழுப்பு மூச்சுப்பாதையை நெருக்குகிறது. கழுத்து நரம்பைத் தூண்டும் கருவி பொருத்தப்பட்டவர்களில் சிலருக்கு, கருவி இயங்கும் நொடிகளில் தூக்க மூச்சு குறைவதும் பதிவாகியுள்ளது.

எனவே ஒரு சுழல் உருவாகக்கூடும். மூச்சுத்தடையால் வலிப்பு கூடுகிறது. வலிப்பு கூடியதால் மருந்து கூட்டப்படுகிறது. மருந்தால் மூச்சுத்தடை கூடுகிறது. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. செய்ய வேண்டியது, அளவைக் கூட்டும் முன் மூச்சைப் பற்றிக் கேட்பது.

வலிப்பா, திணறலா?

இரண்டு நோய்களும் ஒன்றின் வேடத்தில் மற்றொன்று வருவதும் உண்டு. நள்ளிரவில் ஒருவர் திடீரென்று எழுந்து உட்கார்ந்து, மூச்சுக்குத் திணறி, கையைக் காலை உதறினால் அது மூச்சுத்தடையின் முடிவாக இருக்கலாம். மூளையின் முன்பகுதியில் எழும் வலிப்பாகவும் இருக்கலாம். காலைத் தலைவலியும் மறதியும் இரண்டிலும் உண்டு. முன்பகுதி வலிப்பு பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடியும்; ஒரே இரவில் பலமுறை, ஒவ்வொரு முறையும் அச்சில் வார்த்தாற்போல ஒரே அசைவுகளோடு வரும். மூச்சுத்தடையின் திணறலுக்கு முன்னே பெரும்பாலும் குறட்டையும் அமைதியும் மாறி மாறி இருக்கும். அருகில் படுத்திருப்பவர் கைபேசியில் எடுத்த ஒரு நிமிடக் காணொளி மருத்துவருக்குப் பல பரிசோதனைகளின் வேலையைச் செய்துவிடும்.

கொடைக்கானல் தொடங்கலாம்

இரவு முழுவதும் தூக்கத்தை ஆராயும் கூடங்கள் மதுரை போன்ற பெருநகரங்களில்தான் இருக்கின்றன. கீழ்மலையின் தாண்டிக்குடியிலிருந்தோ மேல்மலையின் கிளாவரையிலிருந்தோ ஒருவர் அங்கே போய் ஓர் இரவு தங்குவது என்பது ஒரு வாரக் கூலி. எல்லோரையும் அனுப்ப முடியாது, அனுப்பவும் வேண்டியதில்லை. யாரை அனுப்ப வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வழி மலையிலேயே இருக்கிறது.

முதல் வழி கேள்விகள். சத்தமாகக் குறட்டை விடுகிறாரா? தூக்கத்தில் மூச்சு நின்றுபோவதை யாராவது பார்த்தார்களா? பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் அயர்கிறாரா? ரத்த அழுத்தம் உண்டா? கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா? மயக்க மருந்து நிபுணர்கள் அறுவைக்கு முன் உலகெங்கும் கேட்கும் கேள்விகள் இவை. வலிப்பு நோயாளியின் ஓ.பி. சீட்டில் இவற்றுக்கான விடையை எழுதக் கிராமச் செவிலியரால் முடியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டு வீட்டு வாசலுக்கே வரும் சுகாதாரத் தன்னார்வலர்களாலும் முடியும். அவர்கள் கேட்க வேண்டியது நோயாளியை அன்று. அவர் பக்கத்தில் படுக்கும் மனைவியை, தாயை, அண்ணனை.

இரண்டாவது வழி, விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி. கொரோனாக் காலம் அதைச் சிற்றூர்களுக்கும் கொண்டுவந்து சேர்த்தது. இரவு முழுவதும் பதிவு செய்யும் வகையைச் சேர்ந்த சில மானிகளைக் கொடைக்கானல் அரசு மருத்துவமனையிலும் மலையின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வைத்து, ஓர் இரவுக்கு வீட்டுக்குக் கொடுத்து வாங்கினால், ஆக்சிஜன் அடிக்கடி சரிபவர்கள் யார் என்று தெரிந்துவிடும். அவர்களை மட்டும் மதுரைக்கு அனுப்பலாம்.

மூன்றாவது, முதலுதவிப் பயிற்சி. நோயாளியை டோலி கட்டித் தூக்கிவந்த பழக்கம் வெள்ளகவி போன்ற ஊர்களுக்கு உண்டு. அத்தகைய ஊர்களில் 108 வந்து சேரும் நேரத்தையும் ரீவ்லினின் ஆய்வு சொன்ன பதினொரு நிமிடத்தையும் ஒப்பிட்டால், உயிரைக் காக்கும் முழுப் பொறுப்பும் வீட்டாரிடம்தான் இருக்கிறது என்பது விளங்கும். ஒருக்களித்துப் படுக்கவைப்பது, முகத்தைத் திறந்துவைப்பது, நினைவு வரும்வரை விலகாமல் இருப்பது ஆகிய மூன்றையும் பள்ளிப் பிள்ளைகளுக்கே கற்றுத்தர முடியும்.

நான்காவது, வருபவர்களுக்கான எச்சரிக்கை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே முதல் கொடைக்கானலுக்கும் உதகைக்கும் வாகனத்தில் வருவோர் இ-பாஸ் பெற வேண்டியிருக்கிறது. அந்தத் திரையிலேயே சில வரிகள் சேர்க்கலாம்: வலிப்பு நோய் உள்ளவர்கள் மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள், முதல் இரவில் மது வேண்டாம், தனி அறையில் தூங்க வேண்டாம், சிபாப் பயன்படுத்துபவர்கள் கருவியைக் கட்டாயம் கொண்டுவாருங்கள், அறைக்குள் கரி மூட்ட வேண்டாம்.

இவற்றுக்குப் புதிய கண்டுபிடிப்போ பெரிய நிதியோ தேவையில்லை. வலிப்பு உள்ளவர்களில் பத்துக்கு ஏழு பேர் சரியான சிகிச்சை கிடைத்தால் வலிப்பின்றி வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எஞ்சிய மூவரில் ஒருவருக்காவது தடை மூளையில் மட்டும் இல்லாமல் தொண்டையிலும் இருக்கக்கூடும் என்பதை ஆய்வுகள் சொல்கின்றன. இனி மூன்றாவது மாத்திரையை எழுதுவதற்குப் பேனாவை எடுக்கும் ஒவ்வொரு மருத்துவரும், துணைக்கு வந்து கதவோரம் நிற்பவரை உள்ளே அழைத்து, 'இவர் ராத்திரி எப்படி மூச்சு விடுகிறார்?' என்று கேட்க வேண்டும். அவர் சொல்லும் பதிலையும் ஓ.பி. சீட்டில் எழுத வேண்டும்.